டிவிடி எழுதப் பழகுகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: குடும்ப விழாவில் எடுத்த ஐந்து எம்பி4 ஃபைல்களைக் காலி டிவிடியில் இழுத்துப் போட்டேன். கணினியில் ஓடுகிறது. டிவியோடு இணைத்த பிளேயரில் போட்டால் ‘நோ டிஸ்க்’ என்கிறது. கெட்டது டிஸ்க்கா, பிளேயரா?

பதில்: இரண்டும் கெடவில்லை. இதில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் சேர்ந்திருக்கின்றன.

முதலாவது, காலி டிஸ்க்கைப் போட்டதும் விண்டோஸ் ஒரு கேள்வி கேட்டிருக்கும்: இதை யுஎஸ்பி டிரைவ் மாதிரி பயன்படுத்தப் போகிறீர்களா, சிடி/டிவிடி பிளேயரில் போடப் போகிறீர்களா? பலரும் படிக்காமலே முதல் விடையை அமுக்கிவிடுவார்கள். அப்படிச் செய்தால் ஃபைல்களை அவ்வப்போது சேர்க்க, நீக்க வசதியான ஒரு முறையில் டிஸ்க் ஃபார்மட் ஆகும். அது கணினிகளுக்குப் புரியும். வீட்டு பிளேயருக்குப் பெரும்பாலும் புரியாது. ‘நோ டிஸ்க்’ வந்தது இதனால்தான்.

இரண்டாவது விடையைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் படம் ஓடியிருக்காது. ‘டிஸ்க்கைப் படிக்க முடிகிறது, ஃபைல் புரியவில்லை’ என்ற அளவுக்கு வந்து நின்றிருக்கும். டிவிடி பிளேயர் தேடுவது எம்பி4 ஃபைலை அல்ல. டிஸ்க்கில் வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டர் இருக்க வேண்டும். அதற்குள் மூன்று வகை ஃபைல்கள் இருக்கும். விஓபி என்பதில் படமும் ஒலியும்; ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மேல் போகாது, நீளமான படம் பல துண்டுகளாகக் கிடக்கும். ஐஎஃப்ஓ என்பது எந்தத் துண்டுக்குப் பின் எது, மெனு எங்கே என்று சொல்லும் வழிகாட்டி. பியுபி அந்த வழிகாட்டியின் நகல். உள்ளே இருக்கும் வீடியோவும் எம்பெக்-2 முறையில் இருக்க வேண்டும்: டிவி ஒளிபரப்பு முறை பால் (PAL) என்றால் 720 x 576, நொடிக்கு 25 ஃபிரேம், என்டிஎஸ்சி என்றால் 720 x 480, 29.97 ஃபிரேம். ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். செல்போனில் எடுத்த வீடியோ பெரும்பாலும் இதற்குப் பொருந்தாது. (யுஎஸ்பி குத்தும் வசதியுள்ள பிளேயர்களில் சில, டேட்டா டிஸ்க்கில் உள்ள பழைய டிவ்எக்ஸ் ஃபைல்களை ஓட்டும். அதை நம்பி இறங்க வேண்டாம்.)

ஆகவே, பர்ன் செய்வதற்கு, அதாவது டிஸ்க்கில் எழுதுவதற்கு முன்னால், வீடியோவை இந்த அமைப்புக்கு மாற்றும் ‘ஆத்தரிங்’ என்ற ஒரு வேலை இருக்கிறது. டிவிடி ஸ்டைலர் என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். புது புராஜெக்ட் திறந்ததும் டிஸ்க் அளவு 4.7 ஜிபி, பால் அல்லது என்டிஎஸ்சி, திரை 16:9 என்று கேட்கும். இங்கே தவறவிட்டால் ஆட்கள் ஒல்லியாகவோ குண்டாகவோ தெரிவார்கள். ஐந்து ஃபைல்களையும் கீழே உள்ள பட்டையில் வரிசையாகப் போடுங்கள். மெனு வேண்டாம் என்றால் மெனு இல்லாத டெம்ப்ளேட்டையே எடுங்கள். கடைசியில் ‘பர்ன்’ என்று கொடுக்காமல் ‘ஐஎஸ்ஓ இமேஜ்’, அதாவது முழு டிஸ்க்கும் ஒரே ஃபைலாக அடங்கிய நகல், உருவாக்கச் சொல்லுங்கள். கணினியின் வேகத்தைப் பொறுத்து இதற்கு நேரம் ஆகும். வந்த ஐஎஸ்ஓவை விஎல்சி பிளேயரில் திறந்து, தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். உதட்டசைவும் ஒலியும் சேர்ந்தே போகிறதா என்று கடைசி ஐந்து நிமிடத்தில் பார்ப்பது முக்கியம். விலகல் இருந்தால் அங்கேதான் அதிகமாகத் தெரியும். திருப்தியானால் மட்டும் டிஸ்க்கில் எழுதுங்கள். விண்டோஸ் 7 முதல் வந்தவற்றில் ஐஎஸ்ஓ ஃபைலை ரைட் கிளிக் செய்தாலே டிஸ்க்கில் எழுதும் வசதி உண்டு. தனி மென்பொருள் வேண்டுமானால் விண்டோஸுக்கு இம்ஜ்பர்ன், லினக்ஸுக்கு கே3பி.

கேள்வி: 4.7 ஜிபி என்று அட்டையில் போட்டிருக்கிறது. 4.5 ஜிபி ஃபோல்டரை ஏற்க மாட்டேன் என்கிறதே!

பதில்: டிஸ்க் செய்பவர் 1 ஜிபியை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் 1024ஐ மூன்று முறை பெருக்கி எண்ணுகிறது. 470 கோடி பைட்டை விண்டோஸ் கணக்கில் வகுத்தால் 4.37 ஜிபிதான் வரும். உங்கள் எல்லை அதுதான். 8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிஸ்க் இதே கணக்கில் சுமார் 7.9.

4.37 வரை இடம் இருக்கிறது என்பதற்காக விளிம்பு வரை நிரப்ப வேண்டியதில்லை. டிஸ்க்கில் எழுத்து உள்வட்டத்தில் தொடங்கி வெளியே போகும். எழுத்து பதியும் சாயப் பூச்சு சீராக இல்லாமல் போவதும், விரல் ரேகை படுவதும், சுழலும்போது ஆட்டம் கூடுவதும் வெளி ஓரத்தில்தான். 4.2 ஜிபியோடு நிறுத்திக்கொள்வது நல்ல பழக்கம்.

கேள்வி: டிவிடி-ஆர், டிவிடி+ஆர், ஆர்டபிள்யூ, டிஎல்... எதைத்தான் வாங்குவது?

பதில்: மைனஸ் (டிவிடி-ஆர்) 1997இல் வந்தது, பிளஸ் (டிவிடி+ஆர்) 2002இல். இன்றைய ரைட்டர்கள் (டிஸ்க்கில் எழுதும் டிரைவ்கள்) இரண்டையும் எழுதும். கொடுக்கப்போகிறவர் வீட்டில் பழைய பிளேயர் இருந்தால் மைனஸ் பாதுகாப்பு. பிளஸ் டிஸ்க்கில், அது எந்த வகை என்று சொல்லும் ‘புக் டைப்’ என்ற அடையாளத்தை டிவிடி-ரோம் என்று மாற்றி எழுத ரைட்டர் அனுமதித்தால், பழைய பிளேயர் அதைக் கடையில் வாங்கிய டிஸ்க் என்று நினைத்து ஏற்றுக்கொள்ளும்.

ஆர்டபிள்யூ அழித்து எழுதக்கூடியது. பழகுகிற காலத்தில் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்; சோதனைக்கு அதுவே செலவில்லாத வழி. ஆனால் அதன் பரப்பு ஒளியைக் குறைவாகவே திருப்பி அனுப்பும் என்பதால் சில பிளேயர்கள் படிக்காது. சோதனை ஆர்டபிள்யூ ஓடவில்லை என்றால் உங்கள் ஆத்தரிங் தவறு என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். டிஎல் என்பது இரட்டை அடுக்கு. வீடியோவுக்கு அதில் பிளஸ் வகைதான். எழுத்து முதல் அடுக்கிலிருந்து இரண்டாவதுக்குத் தாவும் இடத்தைச் சரியாக வைக்க வேண்டும், அந்த நொடியில் படம் லேசாக நிற்கும். தொடக்கத்திலேயே இதில் கை வைக்காமல் இருப்பது நல்லது.

கேள்வி: என்னிடம் ஒரே ஒரு டிரைவ்தான். ஒரு டிஸ்க்கை அப்படியே இன்னொன்றுக்கு மாற்ற முடியுமா?

பதில்: முடியும், அதுவே சரியான முறையும்கூட. முதலில் மூல டிஸ்க்கை ஒரு ஐஎஸ்ஓ ஃபைலாக வன்தட்டில் இறக்குங்கள். இம்ஜ்பர்னில் ‘ரீட்’ பகுதியில் டிஸ்க்கிலிருந்து இமேஜ் உருவாக்கும் பட்டன் இருக்கிறது. பிறகு காலி டிஸ்க் போட்டு ‘ரைட்’ பகுதியில் அதே இமேஜைக் கொடுங்கள். ‘வெரிஃபை’ டிக்கை எடுக்காதீர்கள்: எழுதி முடித்ததும் ஒவ்வொரு செக்டராகப் படித்து மூலத்தோடு ஒப்பிடும். அதற்கு முன் தட்டு ஒருமுறை வெளியே வந்து உள்ளே போகும். மடிக்கணினி டிரைவ் தட்டு தானாக உள்ளே போகாது. நீங்கள்தான் தள்ள வேண்டும். இதை அறியாமல் ‘முடிந்துவிட்டது’ என்று டிஸ்க்கை எடுத்துவிடுகிறவர்கள் உண்டு.

ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் சேமிக்கப் பார்த்து ‘ஃபைல் பெரிதாக உள்ளது’ என்று வந்தால், அது ஃபேட்32 முறையில் இருக்கிறது. 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலை ஏற்காது. என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட்டாக மாற்ற வேண்டும். ஃபார்மட் செய்து மாற்றினால் உள்ளே இருப்பது அழியும், முன்பே நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூல டிஸ்க்கில் கீறல் இருந்து படிப்பது நடுவில் திணறினால்: மென்மையான துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கவே கூடாது. டேட்டா வட்டமாகத்தான் ஓடுகிறது. அதே திசையில் ஒரு கீறல் விழுந்தால் அடுத்தடுத்த பகுதிகள் மொத்தமாகப் போய்விடும். குறுக்கே விழுந்த கீறலைப் பிழைதிருத்தம் சமாளித்துக்கொள்ளும். அப்படியும் வரவில்லை என்றால் வேறொரு டிரைவில் முயலுங்கள். ஒரு டிரைவ் கைவிட்ட இடத்தை இன்னொன்று படிப்பது சாதாரணம். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற கருவி நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, விட்டுப்போனவற்றுக்கு மட்டும் திரும்பத் திரும்பப் போகும். அதே இமேஜை இரண்டாவது டிரைவிலிருந்து தொடரவும் விடும்.

இதெல்லாம் நீங்களே எடுத்த, அல்லது உரிமையாளர் அனுமதித்த டிஸ்க்குகளுக்கு. கடையில் வாங்கும் படங்களில் பெரும்பாலும் சிஎஸ்எஸ் பூட்டு இருக்கும். அப்படியே நகலெடுத்தால் ஓடாது. பூட்டை உடைப்பது பல நாடுகளில் குற்றம். அந்த வழி இந்தப் பகுதியில் வராது.

கேள்வி: மூன்று மணி நேர வீடியோவை ஒரே டிஸ்க்கில் அடக்கினேன். ஆட்கள் அசையும்போது முகம் கட்டம் கட்டமாக உடைகிறது.

பதில்: இடம் ஒன்றுதான்; நேரம் கூடக்கூட ஒவ்வொரு நொடிக்கும் கிடைக்கும் பங்கு குறைகிறது. 470 கோடி பைட்டை 8ஆல் பெருக்கி, மொத்த நொடிகளால் வகுங்கள். இரண்டு மணி நேரம் 7,200 நொடி, நொடிக்கு 5.2 மெகாபிட் வரும். ஒலிக்கு 0.2, கட்டமைப்புக்குக் கொஞ்சம் கழித்து வீடியோவுக்கு 4.8 என்று வையுங்கள். நன்றாகவே இருக்கும். மூன்று மணி நேரத்துக்கு அது 3.1 ஆகிவிடும். பேச்சு நிகழ்ச்சி தாங்கும். ஆட்டமும் கூட்டமும் உள்ள காட்சி தாங்காது. ஒரு மணி நேரத்துக்குக் கணக்கு 10க்கு மேல் வரும். அப்படியே கொடுக்காதீர்கள். டிவிடி வீடியோவின் உச்சவரம்பு 9.8, வீட்டில் எழுதிய டிஸ்க்கில் 8க்கு மேல் போனால் பழைய பிளேயர்கள் திக்கும்.

உங்கள் விஷயத்தில் இரண்டு டிஸ்க்காகப் பிரிப்பதே நேர்மையான தீர்வு. பிடிவாதமாக ஒன்றில்தான் வேண்டும் என்றால், 352 x 576 என்ற பாதி அகலமும் டிவிடியில் அனுமதிக்கப்பட்டதுதான். கூர்மை குறையும், கட்டம் குறையும். பழைய விஎச்எஸ் டேப்பிலிருந்து எடுத்தது என்றால் வித்தியாசமே தெரியாது.

கட்டம் இல்லாமல், அசைவு மட்டும் முன்னும் பின்னும் உதறுவது போலத் தெரிந்தால் அது வேறு நோய்: ஒவ்வொரு ஃபிரேமும் ஒன்றுவிட்ட கோடுகளால் ஆன இரண்டு பாதிகளாக (ஃபீல்டு) வரும், அவற்றின் வரிசை மாறியிருக்கிறது. டிவி (DV) வகை டேப் கேமராவின் பதிவில் கீழ் ஃபீல்டு முதலில் வரும். மென்பொருளில் ‘டாப் ஃபர்ஸ்ட்’ (மேல் ஃபீல்டு முதலில்) என்று கிடந்தால் இப்படித்தான் ஆகும்.

கேள்வி: 16எக்ஸ் டிஸ்க், 16எக்ஸ் ரைட்டர். முழு வேகத்தில் எழுதினால் என்ன தவறு? மெதுவாக எழுதினால் நல்லது என்கிறார்களே?

பதில்: இரண்டும் பாதி உண்மை. டிவிடியில் 1எக்ஸ் என்பது நொடிக்கு 1,385 கேபி. 16எக்ஸ் எழுத்து உள்ளே ஆறு ஏழு எக்ஸில் தொடங்கி, ஓரத்தில்தான் 16ஐத் தொடும். முழு டிஸ்க்குக்கு ஏறக்குறைய 6 நிமிடம். 8எக்ஸில் 8, 9 நிமிடம். அந்த இரண்டு மூன்று நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய், ஏற்கெனவே பலவீனமான ஓரத்தில் உச்ச வேகத்தில் எழுதுகிறீர்கள். 90 சதவீதத்தில் நின்றுபோகும் டிஸ்க்குகள் பலவற்றின் கதை இதுதான்.

அதற்காக 1எக்ஸ், 2எக்ஸ் என்று இறங்கவும் வேண்டாம். 16எக்ஸுக்குத் தயாரித்த சாயம் அவ்வளவு மெதுவான எழுத்துக்கு ஏற்றதல்ல. பாதி வேகம், அதாவது 8எக்ஸ், பெரும்பாலும் சரியாக வரும். ஒல்லியான வெளி டிரைவ்களின் உச்சமே 8தான். அதில் 4 அல்லது 6.

எழுதிய டிஸ்க்கை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். உள்வட்டத்திலிருந்து நிறம் மாறிய ஒரு பட்டை தெரியும். 1 ஜிபி எழுதியிருந்தால் பட்டை சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலம். அது ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவே திட்டுத் திட்டாகவோ, ஓரம் மங்கியோ இருந்தால், வெரிஃபை தேறியிருந்தாலும் அந்த டிஸ்க்கை நம்பாதீர்கள்.

கேள்வி: எழுதத் தொடங்கும்போதே ‘பவர் காலிபரேஷன் எரர்’ வருகிறது. யுஎஸ்பி டிரைவ்.

பதில்: எழுதுவதற்கு முன் ரைட்டர் உள்வட்டத்தில் ஒரு சிறிய இடத்தில் சோதித்து, லேசருக்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்று பார்க்கும். அது தேறவில்லை. முதலில் ஹப்பை விட்டுவிட்டு நேராகக் கணினியில், மேசைக் கணினி என்றால் பின்புறப் போர்ட்டில் குத்துங்கள். லேசருக்கு மின்சாரம் போதாமை முக்கியக் காரணம். இரட்டைத் தலை கேபிள் இருந்தால் இரண்டு தலையையும் குத்துங்கள். அடுத்து வேறு தயாரிப்பு டிஸ்க். அதற்குப் பிறகுதான் லென்ஸ் தூசி. மூன்றும் தோற்றால் டிரைவின் லேசர் களைத்துவிட்டது.

கேள்வி: டிஸ்க் மேல் பெயர் எழுதப் பேனா? ஸ்டிக்கர் ஒட்டலாமா?

பதில்: ஸ்டிக்கர் கூடாது. காகிதம் ஒரு பக்கம் சுருங்கி, சுழலும்போது சமநிலை கெடும். படிக்கும்போது ஓரத்தில் தடுமாறும். பால்பாயின்ட் அழுத்தமும் வேண்டாம். நுனி மெத்தென்ற சிடி மார்க்கர் போதும், நடுத் துளையைச் சுற்றியுள்ள கண்ணாடி போன்ற வளையத்தில் எழுதினால் இன்னும் நல்லது. டிவிடி என்பது 0.6 மி.மீ. தகடு இரண்டை ஒட்டியது. டேட்டா நடுவில் இருப்பதால் மேற்புறக் கீறலுக்கு சிடி அளவு பயப்பட வேண்டாம். வெயிலுக்குத்தான் பயப்பட வேண்டும், சாயம் வெளுக்கும். பெட்டியில் நிமிர்த்தி, இருட்டில் வையுங்கள். ஐஎஸ்ஓ ஃபைலை வன்தட்டிலிருந்து அழித்துவிடாதீர்கள்.