பயணம் பிழையில்லை ரீச்சர், காசு எடுத்த இடம்தான் பிழை

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 64. கணவர் வீதித் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், வயது 67. மட்டக்களப்பு, கல்லடியில் சொந்த வீடு. 2025இல் இருவரும் 72 நாள் ஐரோப்பா போய்வந்தோம். ஜேர்மனியில் மகனோடு டோட்முண்டில் 41 நாள், பாரிஸில் தங்கச்சி வீட்டில் 20 நாள், ஜேர்மனியிலேயே ட்ரியரில் ஒரு சின்ன அறை எடுத்து நாங்கள் தனியே 11 நாள். மொத்தச் செலவு 26 இலட்சத்து 40 ஆயிரம். 20 இலட்சம் ஒரு வருட நிலையான வைப்பை அதன் எட்டாம் மாதத்தில் உடைத்தோம், மிச்சம் சேமிப்புப் புத்தகத்திலிருந்து எடுத்தோம். இப்போது 25 இலட்சம் வைப்பு ஒன்றுதான் இருக்கிறது. ஓய்வூதியம் இருவருக்கும் சேர்த்து 1,25,000, வீட்டுச் செலவு 95,000 வரும். மகன் மாதம் 100 யூரோ அனுப்புவார். "அந்தக் காசுக்கு ஒரு துண்டு வளவு வாங்கியிருக்கலாமே" என்று களுவாஞ்சிக்குடியில் மச்சான் கேட்டதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. நாங்கள் செய்தது பிழையா? மற்ற வைப்பையும் எடுத்து இன்னொரு முறை போகலாமா?

பதில்: ரீச்சர், பயணச் செலவு எழுதி, நீங்கள் படமெடுத்து அனுப்பிய கொப்பிப் பக்கங்களை இரண்டு தரம் வாசித்தேன். ட்ரியரில் மூன்றாம் நாள் எழுதியிருக்கிறீர்கள்: "பாண், முட்டை, தக்காளி 7.40. கோப்பி இரண்டு 6.20. வேறு செலவில்லை. அவர் பாலத்தடியில்." மோசல் ஆற்றின் அந்த ரோமர் பாலத்தின் தூண்கள் இரண்டாம் நூற்றாண்டில் கட்டியவை. வாழ்நாளெல்லாம் வீதியும் பாலமுமாய்த் திரிந்த மனிசன் மூன்று காலை அந்தத் தூண்களைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். 12 நாளில் ஆறு நாடு காட்டும் சுற்றுலாவில் போயிருந்தால் அந்தப் பாலத்தை பஸ் கண்ணாடிக்குள்ளால்தான் கண்டிருப்பார்.

காசுக் கணக்கிலும் மெல்லப் போனது உங்களுக்கு இலாபம்தான். விமான ரிக்கெட் 5,60,000, வீசாவும் காப்புறுதியும் 1,60,000. இந்த 7,20,000 நீங்கள் எத்தனை நாள் நின்றாலும் ஒன்றுதான். 12 நாளில் திரும்பியிருந்தால், வாயில் ஒரு வாய் சோறு வைக்க முன்னமே ஒரு நாளுக்கு 60,000 விழுந்திருக்கும். 72 நாள் நின்றதால் 10,000 ஆகியது. பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் வீசாவில் 180 நாளுக்குள் 90 நாள் நிற்கலாம், அதை நன்றாகவே பயன்படுத்தியிருக்கிறீர்கள். அங்கே இருவருக்குமாக நாளொன்றுக்கு 60 யூரோ, யூரோ 340 ரூபாய்ப்படி 14,70,000 அளவில். மகன் எடுத்துத் தந்த 58 யூரோ மாத ரிக்கெட்டில் ஜேர்மனியின் பஸ்ஸும் சாதாரண ரயிலும் ஓடியிருக்கிறீர்கள். 2020இலிருந்து பொதுப் போக்குவரத்து இலவசமான லக்சம்பேர்க்குக்கு ட்ரியரிலிருந்து போய்வந்திருக்கிறீர்கள். இதைவிடச் சிக்கனமாகப் போகச் சொல்ல எனக்கு வாய் வராது.

குறை சொல்ல ஓரிடம் இருக்கிறது. அன்பளிப்பு 4,50,000! போகும்போது முந்திரிப்பருப்பும் மருதமுனைச் சாறியும், வரும்போது ஊருக்கெல்லாம் சொக்லேட்டும் வாசனைத் திரவியமும். ரிக்கெட் காசில் ஐந்தில் நான்கு பங்கு அது. அடுத்த முறை வேண்டாம் ரீச்சர். மச்சானுக்கும் வேண்டாம்.

வளவு விஷயம். உங்களுக்கு இருக்க வீடு இருக்கிறது. அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் காசு தேவைப்பட்டால் வளவை ஒரு கிழமைக்குள் விற்க ஏலாது. 64 வயதில் இன்னொரு வளவு உங்களுக்குத் தேவையென்று நான் நினைக்கவில்லை.

ஆனால் வைப்பை இடையில் உடைத்தது எனக்குக் கவலை. ஒப்புக்கொண்ட வட்டி போய், வைத்திருந்த காலத்துக்குக் குறைந்த வட்டிதான் கிடைத்திருக்கும். நாலு மாதம் பொறுத்திருந்தாலோ, வைப்பை ஈடுகாட்டிச் சிறுகடன் எடுத்திருந்தாலோ அந்த இழப்பு வந்திராது. அதைவிடப் பெரிய விஷயம், அந்த 20 இலட்சம், வருத்தம் துன்பம் வந்தால் ஆஸ்பத்திரிக்கு எடுக்கும் காசு. ஐயாவுக்குச் சீனியும் பிரசரும் இருக்கிறது. வீசாவுக்கு எடுக்கும் 30,000 யூரோ காப்புறுதி, முன்பே உள்ள நோய்க்குப் பெரும்பாலும் கைகொடுக்காது. மகன் ஜேர்மனியில் உங்களுக்காகப் பொறுப்பேற்புப் பத்திரத்தில் கையெழுத்து வைத்திருந்தால் அந்தச் செலவு அவர் தலையில் விழும். அதனால் மிச்சமிருக்கும் 25 இலட்சத்தைத் தொடவே வேண்டாம்.

போக வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று வருடம் கழித்து, 45 நாளுக்குப் போங்கள். மகன் அனுப்பும் 100 யூரோவை இதுவரை ரூபாயாக மாற்றி, கோயிலுக்கும் செத்தவீட்டுக்கும் கொடுத்துத் தீர்த்திருக்கிறீர்கள். வங்கியில் தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்று திறந்து, அது யூரோவாகவே வந்து விழட்டும். 36 மாதத்தில் 3,600 யூரோ. 45 நாளுக்கு 60 யூரோப்படி 2,700 போதும், 900 கைக்காவலாக நிற்கும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். அங்கே செலவழிக்கப்போகும் காசு யூரோவாகவே கிடந்தால் அந்தப் பயம் பாதி குறையும்.

ரிக்கெட்டுக்கும் வீசாவுக்கும் வேண்டிய 7,20,000ஐ 36ஆல் பிரித்தால் மாதம் 20,000. ஓய்வூதியத்தில் மிஞ்சும் 30,000இல் அதை ஒதுக்கினால் மீதி 10,000. கோயில், கலியாணம், செத்தவீடு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இறுக்கம்தான், தெரிந்துதான் சொல்கிறேன். கொஞ்சம் மூச்சுவிட ஒரு வழி இருக்கிறது. 2025 ஏப்ரலிலிருந்து வைப்பு வட்டியில் 10 வீதம் வரி பிடிக்கிறார்கள். வரிக்குரிய வருமானம் வருடத்துக்கு 18 இலட்சத்துக்குள் இருப்பவர்கள் வங்கியில் சுய பிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். 25 இலட்சத்துக்கு 8 வீத வட்டி என்று வைத்தால் வருடம் 20,000 உங்கள் கையில் நிற்கும்.

படிவம் கொடுக்கப் போகும் அன்றைக்கு ஐயாவையும் கூட்டிப் போங்கள். 25 இலட்சம் அவர் ஒருவர் பெயரில்தான் இருக்கிறது என்று கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். முதிர்வுத் திகதியில் அதை இருவர் பெயருக்கும் மாற்றி, உங்களுக்குப் பிறகு காசைப் பெறும் பின்னுரித்தாளராக மகனைப் போடுங்கள். புதிதாகத் திறக்கும் யூரோக் கணக்கையும் இருவர் பெயரிலேயே திறங்கள்.