கணினி கேள்வி பதில்: கொம்பு எங்கே நிற்கிறது?

கேள்வி: எங்கள் கோயில் நன்கொடையாளர் பட்டியல் எக்செல்லில் இருக்கிறது. பர்மியப் பெயர்கள் 2015 முதல் பலர் தட்டியவை. தமிழ்ப் பெயர்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவில். புதுக் கணினியில் எழுத்து கலைந்து தெரிகிறது, ஒரு பெயரைத் தேடினால் பாதிதான் கிடைக்கிறது. எல்லாவற்றையும் மறுபடி தட்ட வேண்டுமா?
- வாசகர், மோல்மீன்

பதில்: வேண்டாம். ஆனால் எழுத்து மாற்றும் நிரலில் (மாற்றி) மொத்தமாகப் போட்டுவிடாதீர்கள். 2019 அக்டோபர் 1 அன்று மியன்மார் அதிகாரபூர்வமாக, உலகப் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாறியது. அதனால் உங்கள் பட்டியலில் ஜோஜி என்ற பழைய பர்மிய எழுத்துரு முறையில் தட்டிய வரிகளும் யூனிகோடு வரிகளும் கலந்திருக்கும். ஏற்கெனவே யூனிகோடில் உள்ள வரியை மாற்றியில் போட்டால் நல்ல பெயரும் கெட்டுப்போகும். பெரும்பாலான பட்டியல்கள் பாழாவது இப்படித்தான்.

தேடினால் பாதிதான் கிடைக்கக் காரணம் இது. 'கெ' என்பதில் கொம்பு முன்னால் தெரிந்தாலும், யூனிகோடு முதலில் 'க', பிறகு கொம்பு என்றே சேமிக்கிறது. பர்மியக் கொம்பான தவேத்தோவும் அப்படித்தான். ஜோஜியோ கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே கொம்பை முதலில் வைக்கிறது. பார்வைக்கு ஒரே பெயர், உள்ளே வேறு வரிசை. தேடினால் எப்படிக் கிடைக்கும்?

முதலில் கோப்பைப் பிரதி எடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு எல்லாவற்றையும் பிதாங்சு என்ற யூனிகோடு எழுத்துருவில் பாருங்கள். சரியாகத் தெரிபவை யூனிகோடு, அவற்றைத் தொடாதீர்கள். கலைந்தவற்றை மட்டும் தனித் தாளுக்கு எடுத்து, ராபிட் போன்ற மாற்றியில் போட்டு, விடையைப் பக்கத்துப் பத்தியில் ஒட்டுங்கள். பழைய பத்தி அப்படியே இருக்கட்டும். நிரல் எழுதத் தெரிந்த பிள்ளை இருந்தால் கூகுளின் மியன்மார் டூல்ஸ் ஒவ்வொரு வரிக்கும் 0 முதல் 1 வரை மதிப்பெண் தரும். 1-ஐ நெருங்கினால் ஜோஜி. நடுவில் நிற்பவற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு வம்பு: பர்மிய 'வ' எழுத்தும் பர்மியச் சுழி (0) எண்ணும் பார்க்க ஒன்றுபோல இருப்பதால், அவசரத்தில் பலர் எழுத்துக்குப் பதில் எண்ணைத் தட்டியிருப்பார்கள். பெயர்ப் பத்தியில் சுழியைத் தேடித் திருத்துங்கள். தொகைப் பத்தியில் கை வைக்காதீர்கள்.

பாமினி எளிது. எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளாகத் தெரியும், புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி நிற்கும். ஆனால் அதே கட்டத்தில் ஆங்கில முகவரி இருந்தால் மாற்றி அதையும் தமிழாக்கிக் குழப்பும். முகவரியை முன்கூட்டியே வேறு பத்திக்குப் பிரித்துவிடுங்கள்.

கேள்வி: இவ்வளவு சிக்கல் என்றால் ஜோஜி ஏன் இப்படிப் பரவியது?
- வாசகர், யாங்கோன்

பதில்: அன்றைய கணினிகளும் கைபேசிகளும் பர்மிய யூனிகோடைச் சரியாகக் கோத்துக் காட்டவில்லை, ஜோஜிக்கு அந்தக் கோக்கும் வேலை தேவைப்படவில்லை. 2014-இல் சிம் 1,500 கியாட்டுக்கு வந்து கைபேசி வீடு வீடாக நுழைந்தபோது, கடைக்காரர்கள் ஜோஜியைப் போட்டே விற்றார்கள். மக்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மியன்மாரின் சிறுபான்மை மொழிகளான மோன், ஷான், கரேன் எழுத்துகளுக்கு ஒதுக்கிய இடங்களில் ஜோஜி தன் பர்மிய வடிவங்களை வைத்துக்கொண்டது. ஒரு மோன் குழந்தையால் தன் மொழியை ஜோஜி கைபேசியில் எழுத முடியவில்லை. சிறுபான்மை மொழி பேசும் நாம் இதைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது. வீட்டில் ஜோஜி விசைப்பலகை இன்னும் இருந்தால், இன்றே யூனிகோடு விசைப்பலகைக்கு மாற்றிக்கொடுங்கள்.