ஆளை மாத்துறதுக்கு முன்னாடி, வேலை எந்த இடத்துல நிக்குதுன்னு பாருங்க

கேள்வி: என் தம்பிக்கு 26 வயசு. ஆட்டிசம், ஏடிஹெச்டி (கவனக்குறைவு, துறுதுறுப்பு சம்பந்தமான நிலை) ரெண்டும் இருக்குன்னு போன வருஷம்தான் தெரிஞ்சது. தனியா இருக்கான், வீட்ல இருந்தே கம்ப்யூட்டர் வேலை பாக்குறான், அதுல ஒரு குறையும் கிடையாது. ஆனா குளிக்கிறது, நேரத்துக்கு சாப்பிடுறது, துணி துவைக்கிறது, பில் கட்டுறதெல்லாம் அப்படியே கிடக்கும். ஒரு சப்போர்ட் சர்வீஸ்ல சொல்லி ஆள் வெச்சோம். காலைல 7 மணிலேர்ந்து நைட் வரைக்கும் டைம்டேபிள் போட்டு சுவத்துல ஒட்டுனாங்க. முதல் வாரம் நல்லா போச்சு, மூணாவது வாரம் கதவையே திறக்கல. வேற சர்வீஸ் பாக்கலாமா? எதை வெச்சு தேர்ந்தெடுக்கிறது?

பதில்: பாக்கலாம்மா, ஆனா உடனே வேணாம். ஒரு ரெண்டு வாரம் யாரையும் அனுப்பாம விடுங்க, சாப்பாடு மட்டும் அவர் கைக்கு எட்டுற மாதிரி பாத்துக்கோங்க. நீங்க எழுதினதைப் படிச்சா, வந்தவங்க என்னென்ன வேலை ஆகலன்னு லிஸ்ட் எடுத்திருக்காங்க, ஆனா ஒவ்வொரு வேலையும் எந்த இடத்துல நின்னு போகுதுன்னு யாரும் கேட்ட மாதிரி தெரியல. தினசரி வேலைகளைச் செய்ய உதவுற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டா நான் திரும்பத் திரும்ப பாக்குறது இதைத்தான், லிஸ்ட் சரியா இருக்கும், உதவி போய்ச் சேர வேண்டிய இடம் வேற எங்கயோ இருக்கும்.

குளியலையே எடுத்துக்கோங்க. வெளிய இருந்து பாக்குற நமக்கு அது ஒரே வேலை. உங்க தம்பிக்கு அது அஞ்சு இடத்துல நிக்கலாம். செஞ்சிட்டிருக்கிற வேலையில இருந்து மனசைப் பிரிக்க முடியாம இருக்கலாம், ஆட்டிசம் இருக்கிறவங்களோட கவனம் ஒரு சமயத்துல ஒரே தடத்துல ஆழமா போகும்னு ஆட்டிசம் உள்ளவங்களும் சேர்ந்தே எழுதின ஒரு விளக்கம் இருக்கு, மோனோட்ராபிசம்னு பேரு, அப்படி ஆழத்துல இருக்கிற ஆளை திடீர்னு எழுப்புனா உடம்பே வலிக்கிற மாதிரி இருக்கும்னு சொல்றவங்க உண்டு. இல்ல, எழுந்திரிக்கணும்னு மனசுல இருக்கும், உடம்பு ஸ்டார்ட் ஆகாது, இது ஏடிஹெச்டி பக்கம், சோம்பேறித்தனம்னு இதைச் சொல்லவே சொல்லாதீங்க. இல்ல, உள்ள போனதும் எது முதல்ல எது அடுத்ததுன்னு ஒவ்வொரு தடவையும் யோசிச்சு யோசிச்சு அலுத்துப் போகும். இல்ல, தண்ணி தோல்ல குத்துற மாதிரி படும், சோப்பு வாசனை தாங்காது, ஈரத்துல இருந்து காஞ்ச நிலைக்கு மாறுற அந்த ரெண்டு நிமிஷம் கொடுமையா இருக்கும். இல்ல, வேர்வை, பிசுபிசுப்பு, பசி இதெல்லாம் உள்ள இருந்து வர்ற சிக்னல், அந்த சிக்னலே அவருக்கு லேட்டா வரலாம், இல்ல மங்கலா வரலாம்.

அஞ்சுக்கும் அஞ்சு விதமான உதவி. மனசைப் பிரிக்கிறதுதான் கஷ்டம்னா மணி பாத்து கூப்பிடக் கூடாது, அவர் வேலையில ஒரு பகுதி முடியுற இடம் வரும், அதுக்கு முன்னாடியே ஒரு மெசேஜ் போதும். ஸ்டார்ட் ஆகுறதுதான் பிரச்சனைன்னா பக்கத்துல ஒரு ஆள் தன் வேலைய பாத்துட்டு சும்மா இருந்தாலே போதும், பாடி டபுளிங்னு சொல்வாங்க, வீடியோ கால்லயும் நிறைய பேருக்கு வேலை செய்யுது. வரிசைதான் குழப்பம்னா படமாவோ எழுத்தாவோ வரிசை அங்கயே கண் முன்னாடி இருக்கணும். தோல், வாசனை, சத்தம்னா ஆளே தேவையில்ல, ஷவர் தலைய மாத்துங்க, வாசனை இல்லாத சோப்பு வாங்குங்க, துண்டை கை எட்டுற இடத்துல வைங்க. பசி தெரியலன்னா பசிக்காகக் காத்திருக்காம அலாரம் அடிச்சதும் சாப்பிடுறதுதான் வழி. அங்க வந்து நின்னு "குளிச்சிட்டீங்களா"ன்னு கேக்குற ஆளால இதுல எதுக்குமே பிரயோஜனம் கிடையாது.

எங்க நிக்குதுன்னு அவரையே கேக்கலாமே, ஆமா கேக்கணும், ஆனா "உனக்கு என்னடா பிரச்சனை"ன்னு நேருக்கு நேர் உக்கார வெச்சு கேட்டா பதில் வராது. உள்ளுக்குள்ள என்ன நடக்குதுன்னு வார்த்தையில சொல்றது ஆட்டிசம் இருக்கிறவங்கள்ல நிறைய பேருக்கு நிஜமாவே கஷ்டம். எழுதி அனுப்புங்க, ஆப்ஷன் குடுங்க, நேரம் குடுங்க. புலன் சம்பந்தமா ஒரு தெளிவான படம் வேணும்னா சென்சரி ப்ரொஃபைல்ங்கிற கேள்வித்தாளோட பெரியவங்களுக்கான வடிவம் இருக்கு, 60 கேள்வி, அவரே தனியா உக்காந்து நிரப்பலாம், தெரபிஸ்ட் அதை அவரோட சேர்ந்து பாப்பாங்க.

அந்த டைம்டேபிள் மூணாவது வாரம் விழுந்ததுக்கும் காரணம் இருக்கு. அவருக்குள்ள ஆட்டிசம் ஒரே மாதிரி இருக்கணும்னு கேக்கும், ஏடிஹெச்டி அதே மாதிரி இருந்தா ஒரு வாரத்துல சலிச்சுப் போய் புதுசா ஏதாவது கேக்கும், ரெண்டும் ஒரே உடம்புல இழுத்துட்டே இருக்கும். 2013-ல டிஎஸ்எம்-5, அதாவது மனநல டாக்டர்கள் கண்டறியப் பயன்படுத்துற அமெரிக்கக் கையேட்டோட அஞ்சாவது பதிப்பு, வர்ற வரைக்கும் அந்தக் கையேட்டு விதிமுறைப்படி ஒருத்தருக்கு இந்த ரெண்டையும் சேர்த்து கண்டறியவே கூடாது, புலன் கூச்சத்தை ஆட்டிசத்தோட அடையாளத்துல சேத்ததும் அந்தப் பதிப்புலதான். அதனால ஒண்ணை மட்டும் மனசுல வெச்சு பழகின சர்வீஸ் இன்னும் நிறைய இருக்கு. ரெண்டும் இருக்கிறவங்களுக்கு மணி நேரத்தைக் கட்டாதீங்க, வரிசையை மட்டும் கட்டுங்க, எழுந்ததும் இது, அதுக்கப்புறம் இது, எழுறது 7-ஓ 11-ஓ அது அவர் பாடு. ஏடிஹெச்டி உள்ளவங்க பல பேருக்கு உடம்போட கடிகாரமே தள்ளித்தான் ஓடும்.

இப்ப சர்வீஸ் தேர்ந்தெடுக்கிறதுக்கு வர்றேன். முதல் மீட்டிங்ல அவங்க யாரைப் பாத்து பேசுறாங்கன்னு கவனிங்க. உங்க தம்பி பக்கத்துல இருக்கும்போதே "அவர் என்ன சாப்பிடுவார்"னு உங்ககிட்ட கேட்டா, எனக்கு அங்கயே போதும், அந்த சர்வீஸ் வேணாம். அடுத்தது, தினமும் ஒரே ஆள் வருவாங்களா, அவங்களுக்கு உடம்பு சரியில்லன்னா வேற யாரு, அதை முன்னாடியே மெசேஜ்ல சொல்வாங்களா, இதைக் கேளுங்க, தெரியாத முகம் கதவு தட்டுறது ஒண்ணே ஒரு நாளைக் கெடுத்துடும். "இன்னைக்கு வேணாம்"னு அவர் சொன்னா என்ன செய்வீங்கன்னு கேளுங்க. "பேசி சம்மதிக்க வெச்சிடுவோம்", "போகப் போக பழகிடும்"னு பதில் வந்தா வேணாம். "சரின்னு கிளம்பிடுவோம், அப்புறம் எது ஒத்து வரலன்னு எழுத்துல கேப்போம்"னு சொல்ற ஆளா பாருங்க.

வந்து போனதைப் பத்தி குறிப்பு யார் எழுதுறாங்க, அதை யார் படிக்கலாம், இதை நீங்க கட்டாயம் கேக்கணும், ஏன்னா இங்கதான் குடும்பமே தப்பு பண்றோம். அவர் இன்னைக்கு குளிக்கலங்கிறது ராத்திரிக்குள்ள அக்காவுக்குத் தெரியும்னா அந்த ஆள் அவர் கண்ணுக்கு ஒற்றனாத்தான் தெரிவார். உங்களுக்கு எந்தத் தகவல் வரலாம்னு தம்பி முடிவு பண்ணட்டும். உயிருக்கு ஆபத்தான விஷயம்னா மட்டும் உடனே சொல்லணும்னு முன்கூட்டியே அவரையும் வெச்சுக்கிட்டு பேசிடுங்க. உடம்பு இளைச்சுக்கிட்டே போனாலோ, முன்னாடி செஞ்சதையும் இப்ப செய்ய முடியலன்னாலோ, வாழப் பிடிக்கலன்னு பேச்சு வந்தாலோ சர்வீஸ் தேடுறதை நிறுத்திட்டு டாக்டர்கிட்ட போங்க.

முதல்ல வாரத்துக்கு ரெண்டு தடவை, ஒரு மணி நேரம், ஒரே ஒரு வேலை. ஆறு வாரம் கழிச்சு எத்தனை வேலை முடிஞ்சதுன்னு எண்ணாதீங்க, சாயங்காலம் அவருக்குப் பிடிச்சதைச் செய்ய தெம்பு மிச்சம் இருக்கான்னு கேளுங்க. வர்ற ஆள் முன்னாடி எல்லாம் சரியா செஞ்சுட்டு, அவங்க போனதும் ரெண்டு நாள் படுத்துக் கிடந்தா அது முன்னேற்றம் ஆகாது, முகமூடி போட்டு நடிச்ச களைப்பு அது. முதல் வாரம் நல்லா போச்சுன்னு எழுதியிருக்கீங்களே, அதுவும் இதுவா இருந்திருக்கலாம்னுதான் எனக்குப் படுது.

இன்னொண்ணு, எல்லாத்தையும் அவரே செய்யக் கத்துக்கணும்னு அவசியமே இல்ல. பில்லை ஆட்டோ பே-ல போட்டுடுங்க, துணியை வேற யாராவது காலத்துக்கும் துவைச்சுக் குடுக்கட்டும், அதுல என்ன குறைஞ்சு போச்சு. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காக 2006-ல ஐநா ஏத்துக்கிட்ட உடன்படிக்கையோட 19-வது பிரிவு, எங்க, யாரோட வாழணும்னு அவங்களே தேர்ந்தெடுக்கணும், அதுக்கு வீட்டுக்கே வந்து உதவுற ஆளும் கிடைக்கணும்னு ரெண்டையும் சேர்த்துத்தான் சொல்லுது. துணி மடிக்கப் பழகுறதுலயே ஒரு வருஷத்தைத் தொலைச்சு, பிடிச்ச வேலையையும் விட்டவங்களை நான் பாத்திருக்கேன், மனசு ஆறவே மாட்டேங்குது.

தம்பிக்கு இன்னைக்கு இப்படி ஒரு மெசேஜ் அனுப்புங்க: "உன்னைக் கேக்காம ஆள் வெச்சது எங்க தப்பு. இப்போதைக்கு யாரும் வர மாட்டாங்க. 1 குளியல், 2 சாப்பாடு, 3 துணி, 4 பில். இதுல எது ரொம்ப தொல்லையோ அந்த நம்பரை மட்டும் அனுப்பு, எதுவும் வேணாம்னா 0." பதில் வர அஞ்சு நாள் ஆனாலும் நடுவுல "பாத்தியா"ன்னு கேட்டு இன்னொரு மெசேஜ் போடாதீங்க.