எடைக் குறைப்பு ஆப்: எதைப் பார்த்து எடுப்பது? வாசகர் கேள்விகள்

கேள்வி: எனக்கு வயது 47, எடை 72 கிலோ, உயரம் 5 அடி 2 அங்குலம். போன மாதம் எடுத்த டெஸ்டில் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 6.1 என்று வந்தது. "இது சுகர் இல்லை, அதற்கு முந்தைய நிலை, அஞ்சு கிலோ குறைச்சிட்டு மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று டாக்டர் அனுப்பிவிட்டார். என் மகள் போனில் மூன்று ஆப் ஏற்றித் தந்திருக்கிறாள். ஒன்று இலவசம், இன்னொன்று வருஷத்துக்குப் பல ஆயிரம் கேட்கிறது, மூன்றாவதில் சர்க்கரையை விடாமல் அளக்க, கையில் ஒட்டும் சென்சாரையும் சேர்த்து விற்கிறார்கள். எதை எடுப்பது? மாதவிடாய் இப்போது ஒழுங்காக வருவதில்லை, சில மாதம் உதிரப்போக்கு மிக அதிகம். இதையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.
— வாசகி, விருதுநகர்

பதில்: கடைசியாகச் சொன்னீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் ஆப்பை விட அது முக்கியம். உதிரப்போக்கு அதிகமாகி இரும்புச்சத்து குறைந்திருந்தால் ஹெச்பிஏ1சி உண்மையான அளவை விடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம். அதனால் ஹீமோகுளோபினும், உடலில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டினும் பார்த்துவிடுங்கள். கூடவே வெறும் வயிற்றில் ஒரு தடவை, குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து ஒரு தடவை ரத்தச் சர்க்கரையும் பாருங்கள். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரையோ, குளுக்கோஸ் குடித்த பிறகு 140 முதல் 199 வரையோ இருந்தால்தான் அந்த 6.1-ஐ அப்படியே நம்பலாம். உதிரப்போக்கை மகப்பேறு மருத்துவரிடமும் காட்டுங்கள், "இந்த வயசுல இப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள்.

சரி, ஆப்புக்கு வருவோம். டாக்டர் சொன்ன 5 கிலோ வாய்க்கு வந்த கணக்கு இல்லை. அமெரிக்காவில் 3,000 பேருக்கு மேல் வைத்து நடத்தி 2002-ல் வெளியான பெரிய ஆய்வில், உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது என்று இரண்டே இலக்கு கொடுத்தார்கள். சர்க்கரை நோய்க்குப் போகிறவர்களின் எண்ணிக்கை 58 சதவீதம் குறைந்தது. உங்கள் 72 கிலோவில் 7 சதவீதம் 5 கிலோதான். ஆனால் அதே மாதிரி ஓர் ஆய்வைச் சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு 531 பேரை வைத்து நடத்தி 2006-ல் வெளியிட்டது. அங்கே உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்கு ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது, இத்தனைக்கும் அவர்கள் எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவே இல்லை. எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி. தராசு முள் நகரவில்லை என்று இரண்டாவது மாதமே மனம் விட்டுப்போய் எல்லாவற்றையும் நிறுத்துகிற பெண்களை நிறையப் பார்க்கிறேன், உள்ளே நல்லது நடந்துகொண்டிருக்கும்போதே நிறுத்திவிடுகிறார்கள். அதனால் எடையை மட்டும் பெரிதாகக் காட்டி, குறையாத அன்று சிவப்பு எழுத்தில் மிரட்டும் ஆப் உங்களுக்கு வேண்டாம். இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை அளவு, நடந்த நேரம் இவற்றையும் எழுதிவைக்க இடம் தருவது வேண்டும். நம் ஊர்ப் பெண்களுக்கு இடுப்பு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. மாதவிடாய் நிற்கப்போகும் வயதில் கொழுப்பு வயிற்றில்தான் போய்ச் சேரும், அதனால் இஞ்ச் டேப்பைத் தராசை விட ஒரு படி மேலே வையுங்கள்.

மூன்றில் எது என்று தெரிய ஒரு சோதனை செய்து பாருங்கள். நேற்று நீங்கள் உண்மையில் சாப்பிட்டதை மூன்றிலும் பதிவு செய்யுங்கள்: காலையில் இட்லி சாம்பார், மத்தியானம் சோறு, கத்தரிக்காய் புளிக்குழம்பு, கீரைக் கூட்டு, ராத்திரி தோசை, நடுவில் டீ. கூட்டு என்று தேடினால் கிடைக்கிறதா, இல்லை "வெஜிடபிள் கறி" என்று எதையோ தலையில் கட்டுகிறதா? சோற்றை அரிசியாக எடை போடச் சொல்கிறதா, வெந்த சோறாகவா? இதில் ஏமாந்தால் கணக்கு எங்கேயோ போய்விடும். 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி, 100 கிராம் வெந்த சோற்றில் சுமார் 130 தான். வீட்டுக் கரண்டியை ஒரு தடவை எடை போட்டு "என் வீட்டுச் சோறு, ஒரு கரண்டி" என்று சேமித்துவைக்க முடிகிற ஆப் என்றால் அதற்கே பாதி மார்க் கொடுக்கலாம்.

அப்புறம் புரதம். இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு சொல்கிறது. நீங்கள் கலோரியை மட்டும் எண்ணினால் என்ன ஆகும்? நாலு இட்லி மூன்றாகும், கூடவே இருக்கும் பருப்பும் குறையும், எடையோடு தசையும் போகும். நாற்பதுக்கு மேல் போன தசையைத் திரும்பச் சேர்ப்பது கஷ்டம், சாப்பிட்ட சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கி வைத்துக்கொள்வதும் அந்தத் தசைதான். ஆகவே புரதத்தைத் தனியாகக் காட்டும் ஆப்பாகப் பாருங்கள், பணம் கட்டினால்தான் காட்டுவேன் என்றால் வேண்டாம். சுண்டல், முட்டை, தயிர், மீன் என்று ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒன்று தட்டில் இருக்கட்டும், சோறு ஒரு கரண்டி குறையட்டும். வாரத்துக்கு ஒரு கிலோ குறைப்போம் என்று 1,000 கலோரிக்குள் தள்ளும் திட்டத்தைத் தொடவே வேண்டாம். வாரம் அரைக் கிலோ போதும், அதற்கும் குறைவாகப் போனாலும் பரவாயில்லை.

சென்சாருக்கு இப்போது பணம் செலவழிக்காதீர்கள். சாப்பிட்டதும் சர்க்கரை ஏறி இறங்குவது எல்லோருக்கும் நடப்பது, அந்தக் கோடு மேலே போவதைப் பார்த்து வாழைப்பழத்தைக் கண்டு பயந்தவர்கள் இருக்கிறார்கள். எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறது என்று பார்க்க, விரலில் குத்திப் பார்க்கும் சாதாரணக் கருவியில் வாரம் ஓரிரு நாள் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்துப் பார்த்தாலே போதும்.

ஆண்டுச் சந்தா இன்றைக்கே கட்டாதீர்கள். இலவசத்தில் மூன்று வாரம் ஓட்டுங்கள், தினமும் பதிவு செய்கிறீர்களா என்று பாருங்கள், அதன் பிறகு வேண்டுமானால் ஒரு மாதத்துக்குக் கட்டலாம். போனிலிருந்து ஆப்பை அழித்தால் சந்தா நின்றுவிடாது, பிளே ஸ்டோரில் சந்தா பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும், யூபிஐ ஆட்டோபே கொடுத்திருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். "கோச்" என்று பேசுகிறவரிடம் என்ன படித்திருக்கிறார் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அவர் பவுடர் விற்க ஆரம்பித்தாலோ, மாத்திரையை நிறுத்தச் சொன்னாலோ அதோடு முடித்துக்கொள்ளுங்கள். உணவுக் கணக்கு எழுதும் ஆப்புக்கு உங்கள் போனில் இருக்கும் தொடர்பு எண்கள் எதற்கு? கேட்டால் கொடுக்காதீர்கள். மைஃபிட்னெஸ்பால் போன்ற பெரிய ஆப்பிலேயே 2018-ல் 15 கோடிக் கணக்குகளின் தகவல் திருடுபோனது.

நீங்கள் சொன்ன மூன்றில், இலவச ஆப் நம் சாப்பாட்டையும் புரதத்தையும் ஒழுங்காகக் காட்டினால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நானும் கணவரும் ஒரே விரத ஆப்பில் 16 மணி நேரம் சாப்பிடாமல் இருக்கிறோம். எனக்கு எல்லைக்கோட்டுச் சர்க்கரை, மாத்திரை இல்லை. அவர் கிளிமிபிரைடு சாப்பிடுகிறார். இரண்டு நாளாகக் காலையில் கை நடுங்குகிறது என்கிறார்.
— வாசகி, ஈரோடு

பதில்: அவர் இன்றோடு நிறுத்தட்டும். கிளிமிபிரைடு, வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை, அதைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் லோ சுகர் ஆகிவிடும். நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே சர்க்கரை அளவைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்லுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். கருவி கையில் இல்லை என்றால் தேடிக்கொண்டிருக்காமல் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்துவிடுங்கள். மயக்கமாக, விழுங்க முடியாமல் இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். இந்த நடுக்கத்தை அவர் டாக்டரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். நீங்கள் தொடர்வதில் அந்த ஆபத்து இல்லை, ஆனால் 16 மணி நேரம் கட்டாயமில்லை. ராத்திரிச் சாப்பாட்டை 7 மணிக்கு முடித்து, முடித்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பதே நல்ல தொடக்கம்.

கேள்வி: அம்மாவுக்கு 56 வயது, மன்னார்குடியில் தனியாக இருக்கிறார், ப்ரீ டயாபட்டிஸ். ஆப்பெல்லாம் பார்க்கத் தெரியாது. தமிழில் நல்லதாக ஒன்று சொல்லுங்கள்.
— வாசகர், சிங்கப்பூர்

பதில்: அம்மாவுக்கு ஆப்பே வேண்டியதில்லை. முதல் பதிலில் சொன்ன, சென்னையைச் சேர்ந்த டாக்டர் ராமச்சந்திரன் குழு 2013-ல் இன்னோர் ஆய்வையும் வெளியிட்டது. 537 ஆண்களில் ஒரு பாதிக்கு எப்படிச் சாப்பிடுவது, எப்படி நடப்பது என்று அவ்வப்போது எஸ்எம்எஸ் மட்டும் அனுப்பினார்கள். இரண்டு வருடத்தில் எஸ்எம்எஸ் வாங்கியவர்களில் 18 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது, வாங்காதவர்களில் 27 சதவீதம் பேருக்கு வந்தது. ஆண்களை மட்டுமே வைத்துச் செய்தது என்பது உண்மைதான், ஆனாலும் ஞாபகப்படுத்த ஒரு ஆள் இருந்தால் உதவும் என்பது அம்மாவுக்கும் பொருந்தாமல் போக எனக்குக் காரணம் தெரியவில்லை. மத்தியானத் தட்டை வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பார்த்துவிட்டு "இன்னைக்குப் பொரியல் எங்கம்மா?" என்று குரல் பதிவில் கேளுங்கள். சாயங்காலம் அவர் நடக்கும் நேரத்தில் போன் பண்ணிப் பேசுங்கள், பேசிக்கொண்டே நடப்பார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டெஸ்ட் எடுக்கும் தேதியை உங்கள் போனில் அலாரமாகப் போட்டுவையுங்கள், அம்மா தானாகச் சொல்ல மாட்டார்.