பலூன் வாயுவை மூச்சுக்காற்றில் கலக்கலாமா?

கேள்வி: கீழக்கரையில் என் தம்பி கம்ப்ரசர் குழாயைக் கடித்துக்கொண்டு 15 மீட்டர் ஆழத்தில் சங்கு குளிக்கிறான். கரையேறினால் மூட்டு வலிக்கிறது என்கிறான். ஹீலியம் எதனோடும் வினைபுரியாதாம், அதைக் கலந்து சுவாசித்தால் வலி வராதாம். பலூன் விற்பவரிடம் உள்ள சிலிண்டரை வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அந்த வாயுவில் ஆக்சிஜன் இல்லை. கலவை பிசகினால் மூச்சு முட்டும் உணர்வுகூட இல்லாமல் நொடிகளில் நினைவு தப்பும்; நீருக்கடியில் அது மரணம்.

ஹீலியம் வினைபுரியாது என்பது உண்மைதான். அதன் அணுவில் இரண்டே எலக்ட்ரான்கள். ஒரே கூடு, அதுவும் நிறைந்துவிட்டது. அதிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க 24.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். தனிமங்களிலேயே இதுதான் உச்சம்.

ஆனால் ஆழ்கடலில் ஹீலியத்தைத் தேடுவதற்கு அந்த மந்தத்தன்மை மட்டும் காரணமல்ல. ஆர்கானும் மந்த வாயுதான். நைட்ரஜனைவிட அதிகமாக மயக்கும். செனானை மயக்க மருந்தாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். இவை உடலில் எதனோடும் வினைபுரியாமலே மயக்குகின்றன. கொழுப்பில் அதிகம் கரையும் வாயு பொதுவாக அதிகம் மயக்கும். ஹீலியம் கொழுப்பில் மிகக் குறைவாகக் கரைகிறது. 30 மீட்டருக்குக் கீழே காற்றிலுள்ள நைட்ரஜன் போதை தரத் தொடங்கும். அங்கேதான் ஹீலியத்துக்கு வேலை. 1939-இல் சுமார் 73 மீட்டரில் மூழ்கிய அமெரிக்க நீர்மூழ்கி ஸ்குவாலஸை மீட்டவர்கள் ஹீலியம், ஆக்சிஜன் கலவையைச் சுவாசித்தார்கள். உங்கள் தம்பி போகும் 15 மீட்டரில் அந்தப் போதையே வராது.

மூட்டு வலிதான் எனக்குக் கவலை தருகிறது. அழுத்தத்தில் உடலில் கரைந்த வாயு, வேகமாக மேலே வரும்போது குமிழாகி மூட்டு வலியைத் தருகிறது. ஹீலியமும் அப்படித்தான் குமிழாகும். 15 மீட்டரில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் வரைதான் இடையில் நிற்காமல் மேலேற அமெரிக்கக் கடற்படை அட்டவணை இடம் தருகிறது. அதுவும் அன்றைய முதல் முங்கலுக்கு மட்டும். தம்பி எவ்வளவு நேரம் கீழே இருக்கிறார், ஒரு நாளில் எத்தனை முறை இறங்குகிறார் என்று கேளுங்கள். நேரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். மேலேறும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டரைத் தாண்டக் கூடாது. 5 மீட்டரில் மூன்று நிமிடமாவது நிற்கட்டும்.

படகில் கம்ப்ரசர் காற்றை உறிஞ்சும் வாயையும் பாருங்கள். இன்ஜின் புகை அதற்குள் போனால் கார்பன் மோனாக்சைடு நேரே நுரையீரலுக்குப் போகும். அந்த வாயைக் காற்று வரும் பக்கமாக உயர்த்திக் கட்டுங்கள்.

இப்போது வலி இருக்கும்போது அவரை இறங்க விடாதீர்கள். மறுபடி முங்கினால் தீரும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். உடனே மருத்துவரிடம் அழைத்துப் போய், சங்கு குளிப்பவர் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். மரத்துப்போதல், நடை தடுமாற்றம், சிறுநீர் அடைப்பு இருந்தால் 108-ஐ அழைத்துப் படுக்க வைத்து ஆக்சிஜன் கொடுக்கச் சொல்லுங்கள். உயர் அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்கு அனுப்பும்படியும் கேளுங்கள்.