ஒரு முளை, இரண்டு நூல்: மைன்கிராஃப்டில் ஓட்டை விழாத வட்டச் சுவர்

கேள்வி: விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்திருக்கும் என் பேரன் 8-ஆம் வகுப்புப் படிக்கிறான். என் கைப்பேசியில் மைன்கிராஃப்ட் விளையாட்டில் திருமயம் கோட்டை மாதிரி ஒரு வட்டக் கோட்டை கட்டுகிறான். வெளி அகலம் 21 கல், மதில் கனம் 3 கல் வேண்டுமாம். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டம் போட்டும் சுவருக்குள் ஓட்டை விழுகிறது என்று நான்கு நாளாக இடித்து இடித்துக் கட்டுகிறான். கணினி வகுப்பு நடத்தும் ஒருவர், "ரெடிமேட் கோட்டை ஃபைல்" 2,500 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். வாங்கித் தரலாமா? எனக்கு இந்த விளையாட்டின் தலையும் தெரியாது, காலும் தெரியாது.
- கானாடுகாத்தான் வாசகர்

பதில்: வாங்காதீர்கள் ஐயா. 2,500 ரூபாய்க்கு நாலு பேர் மதியச் சாப்பாடு இலை போட்டுச் சாப்பிடலாம். பேரன் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான், அதைச் சரிசெய்ய ஒரு தாளும் பென்சிலும் போதும். விளையாட்டு தெரியாவிட்டாலும் கிணறு தெரியும் அல்லவா? அது போதும்.

உங்கள் வீட்டுக் கிணற்றுச் சுவரைக் கொத்தனார் எப்படிக் கட்டியிருப்பார்? நடுவில் ஒரு முளை அடிப்பார். அதில் நூலைக் கட்டி வெளி விளிம்புக்கு ஒரு வட்டம் கீறுவார். அதே முளையில் நூலைக் குறைத்து உள் விளிம்புக்கு இன்னொரு வட்டம். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருப்பதெல்லாம் கட்டுமானம். அவர் மெல்லிசாக ஒரு வளையம் கட்டி, அதற்குள் இன்னொன்று, அதற்குள் மூன்றாவது என்று செருகவில்லை. பேரன் செய்தது அதைத்தான்.

இந்த விளையாட்டில் எல்லாக் கல்லும் ஒரே அளவுச் சதுரம். உடைத்துச் செதுக்கி வளைக்க முடியாது. அதனால் வட்டம் என்பது படிக்கட்டு படிக்கட்டாகத்தான் வரும். 21 அகல வளையத்தின் படி ஒரு இடத்தில் விழும், 19 அகல வளையத்தின் படி வேறு இடத்தில் விழும். படிகள் ஒன்றோடொன்று பொருந்தாத இடமெல்லாம் ஓட்டை. வழக்கமான கணக்குப்படி 21, 19, 17 என்று மூன்று மெல்லிய வளையம் போட்டு எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 152 கல் வந்தது. ஓட்டையில்லாத சுவருக்கு ஒரு வரிசைக்கு 172 கல் வேண்டும். ஆக, ஒரு வரிசைக்கு 20 ஓட்டை. பையன் கை தவறவில்லை, முறைதான் தவறு. அதை முதலில் அவனிடம் சொல்லிவிடுங்கள், நான்கு நாளாக நொந்துபோயிருப்பான்.

இனி, கட்டம் போட்ட கணக்கு நோட்டை எடுக்கச் சொல்லுங்கள். ஒரு கட்டம் ஒரு கல். முதலில் வெளி வட்டத்தை உள்ளே வெற்றிடம் இல்லாமல் நிரப்ப வேண்டும். மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியிலும் இத்தனை கட்டம்: 7, 11, 13, 15, 17, 19, 19. அப்புறம் 21 கட்டமாக ஏழு வரி. பிறகு அதே எண்கள் திரும்பி வரும்: 19, 19, 17, 15, 13, 11, 7. எல்லா வரியும் நடு மையமாக இருக்க வேண்டும். அதாவது முதல் வரியில் 7 கட்டம், இரு பக்கமும் 7 காலி. இரண்டாவது வரியில் 11 கட்டம், இரு பக்கமும் 5 காலி.

அடுத்து உள் வட்டத்தை அழிக்க வேண்டும். உள் அகலம் 15, ஏனென்றால் இரு பக்கமும் 3 போக மிச்சம் அதுதான். மேலே மூன்று வரியை அப்படியே விட்டுவிட்டு நான்காவது வரியில் தொடங்கி அழிக்க வேண்டியவை: 5, 9, 11, 13, 13. பிறகு 15 கட்டமாக ஐந்து வரி. அப்புறம் 13, 13, 11, 9, 5. மிச்சம் நிற்பதுதான் மதில். சரிபார்க்க ஒரு வழி: நான்காவது வரியில் 5 கல், 5 வெற்று, 5 கல் என்று வர வேண்டும். ஐந்தாவது வரியில் 4, 9, 4.

இங்கே பேரன் சண்டைக்கு வருவான். "மூன்று கல் கனம் என்றீர்கள், ஒரு வரியில் 5 இருக்கிறது, ஒன்றில் 4 இருக்கிறது" என்பான். சுவர் சாய்ந்து போகும் இடத்தில் நேர்க்கோட்டில் எண்ணினால் கூடத்தான் வரும், வாழைக்காயைச் சாய்த்து நறுக்கினால் வில்லை நீளமாக வருவது போல. சரியாக மூலைவாட்டத்தில் எண்ணினால் எதிர்மாறாக இரண்டே கல்தான் இருக்கும். அதுவும் சரிதான். ஒரு கல்லின் மூலைக்கு மூலை சுமார் 1.4 கல் நீளம், இரண்டுக்கு 2.8. மூன்றுக்குப் பக்கம் வந்துவிட்டது. "அங்கே ஒன்று குறைகிறதே" என்று அவன் கூடுதலாக ஒரு கல் வைத்தால் கொத்தளம் வீங்கின மாதிரி தெரியும். வைக்க விடாதீர்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும், கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்னது ஒற்றைப்படை அகலத்துக்கு. அங்கே முளை ஒரு கல்லின் மேல் விழும், நடு என்று ஒரு கல் உண்டு. ஆனால் செட்டிநாட்டுப் பிள்ளை கோட்டை கட்டினால் வாசலுக்கு இரட்டைக் கதவுதானே கேட்பான்? விளையாட்டில் ஒரு கதவு ஒரு கல் அகலம், இரட்டைக் கதவுக்கு இரண்டு கல். 21 அகலக் கோட்டையின் முன்பக்கம் நேராக இருப்பது 7 கல். அதில் இரண்டை எடுத்தால் ஒரு பக்கம் 2, மறு பக்கம் 3. வாசல் கோணல். ஆகவே இரட்டைக் கதவு வேண்டுமென்றால் அகலம் இரட்டைப்படையாக, 20 ஆக இருக்கட்டும். அப்போது முளை ஒரு கல்லில் விழாது, நான்கு கல் சேரும் புள்ளியில் விழும். வெளி வட்டம்: 6, 10, 14, 16, 16, 18, 18, பிறகு 20 ஆறு வரி, அப்புறம் திரும்பி. உள் அகலம் 14. அழிக்க வேண்டியவை நான்காவது வரியிலிருந்து 6, 8, 10, 12, பிறகு 14 ஆறு வரி, அப்புறம் திரும்பி. முன்பக்கம் 6 கல், இரண்டு கதவுக்குப் போக இரு பக்கமும் இரண்டிரண்டு. வெளியே ஒற்றைப்படை வைத்தால் உள்ளேயும் ஒற்றைப்படை, இரட்டை என்றால் இரட்டை. வெளியே 21, உள்ளே 14 என்று கலந்தால் ஒரு பக்கச் சுவர் 3, மறு பக்கம் 4 ஆகிவிடும். முளையை நடுவழியில் பிடுங்கி வேறு இடத்தில் அடித்துவிட்டு கிணறு கோணலாகப் போச்சே என்று அழுகிற கதைதான் அது. கதவை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். நான்கு திசைக்கும் நேராக இருக்கும் அந்தத் தட்டைப் பகுதியில் மட்டும் வையுங்கள்.

இனி அந்த 2,500 ரூபாய்க்காரர். இப்படிப்பட்டவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. பழைய வீட்டுப் பர்மா தேக்குத் தூணை விறகு விலைக்குப் பேசி எடுத்துப்போகிற தரகருக்கும் இவருக்கும் ஒரே வித்தியாசம்: அவர் உங்களிடம் இருக்கும் பொருளை மலிவாக வாங்குவார், இவர் சும்மா கிடைக்கும் பொருளை உங்களிடம் விலைக்கு விற்பார். வட்டம் போட்டுக் காட்டும் அட்டவணைகள் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. அவர் தரும் கோப்பு பெரும்பாலும் கணினிக்கான ஜாவா பதிப்புக்கு உரியதாக இருக்கும். கைப்பேசியில் இருப்பது பெட்ராக் பதிப்பு, அதில் அந்தக் கோப்பு நேராகத் திறக்காது. திறக்கவில்லை என்று போனால், "இந்த ஆப்பை இறக்குங்கள்" என்று பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து ஒன்றைக் கொடுப்பார்கள். அந்த வலைக்குள் காலே வைக்காதீர்கள். அது உங்கள் கைப்பேசி. வங்கிக் குறுஞ்செய்தியும் ஓடிபியும் அதே கைப்பேசிக்குத்தான் வரும். விளையாட்டுக் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

இவர்கள் பிழைக்கக் காரணம் விளையாட்டை நடத்துகிறவர்கள்தான். 2011-இல் முழுப் பதிப்பு வந்தது, 2014-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது, இன்னும் வட்டம் போட ஒரு கட்டளை கிடையாது. நிரப்பும் கட்டளை ஒன்று வைத்திருக்கிறார்கள், அது பெட்டி வடிவத்தை மட்டும் நிரப்பும். ஒரே பெயரில் இரண்டு பதிப்பு, ஒன்றின் கோப்பு மற்றதற்கு ஆகாது. குழந்தைகள் விளையாட்டுக்கு இத்தனை வேலியா! கோடை முகாம் நடத்துகிறவர்களாவது இந்த முளை நூல் கணக்கைச் சொல்லிக்கொடுக்கலாம். ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு சான்றிதழில் பெயர் அச்சடித்துத் தருகிறார்கள்.

சென்னையில் அவனுக்குக் கணினியில் ஜாவா பதிப்பு இருந்தால் வேர்ல்ட்எடிட் என்ற இலவசச் சேர்க்கை உண்டு. அதன் உருளைக் கட்டளையில் ஆரம் 10 கொடுத்தால் அகலம் 20 வராது, 21 வரும். நடுக் கல்லையும் சேர்த்து எண்ணுவதால் அப்படி. முதலில் ஆரம் 10-க்குக் கல்லால் நிரப்பி, நின்ற இடத்தை விட்டு நகராமல் ஆரம் 7-க்குக் காற்றால் நிரப்பினால் முடிந்தது. அங்கேயும் ஒரு முளை, இரண்டு நூல்தான்.

கைப்பேசியில் இப்போதைக்கு, தாளில் வரைந்ததைப் பார்த்துத் தரையில் முதல் வரிசையை மட்டும் வைக்கட்டும். அது சரியாக வந்தால் மேலே மேலே அதையே அடுக்க வேண்டியதுதான். 21 அகலத்துக்கு 6 கல் உயரம் என்றால், வாசலைக் கழிக்காமல் 1,032 கல். கிரியேட்டிவ் முறையில் விளையாடினால் கல்லுக்குப் பஞ்சமில்லை. சர்வைவல் என்றால் 64 கல் கொண்ட கட்டு 16, அதற்கு மேல் 8 கல், எல்லாம் அவனே வெட்டி எடுக்க வேண்டும். எந்த முறை என்று நீங்கள் எழுதவில்லை. அவனைக் கேட்டுப் பாருங்கள்; சர்வைவல் என்றால் விடுமுறை முடிவதற்குள் 4 கல் உயரத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள், 688 கல்லில் முடியும்.