பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படிக்கும் வீட்டுக்கல்வியில் வளரும் பிள்ளைக்கு நண்பர்கள் எப்படிக் கிடைப்பார்கள்? நாலு பேரோடு பழகத் தெரியாமல் போய்விடாதா?

ஏற்பாடு செய்தால் கிடைப்பார்கள். "அதெல்லாம் தானா வந்துடும், ஆய்வுகளே சொல்லுது" என்று சில வீட்டுக்கல்விக் குடும்பங்கள் சொல்வதை நம்பிச் சும்மா இருக்க வேண்டாம். அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில், தாமாக முன்வந்த பெற்றோரிடம் கேட்டு எழுதியவை.

பள்ளியில் நட்பு உருவாவதற்குக் காரணம் ரொம்பச் சாதாரணமானது: அதே முகங்கள், அதே இடம், தினமும். இரண்டு இன்டர்வெல், மதியச் சாப்பாடு, வேனுக்குக் காத்திருக்கும் நேரம் எல்லாம் சேர்த்தால் நாளுக்கு ஒரு மணி நேரமாவது பெரியவர்கள் தலையிடாத அரட்டை. ஆண்டுக்கு 200 மணி நேரம் வந்துவிடும். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமானவர் சாதாரண நண்பராக 50 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் என்று கணக்கு வந்தது. அது பெரியவர்களை வைத்துச் செய்தது, குழந்தைகளுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் திட்டம் போட உதவும். வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம் சந்தித்தால் 50 மணி நேரம் சேரவே ஆறு மாதம் ஆகும்.

பலர் சறுக்குவது இங்கேதான். திங்கள் சிலம்பம், செவ்வாய் கீபோர்டு, புதன் நீச்சல், வியாழன் செஸ், சனி ஓவியம். ஐந்து வகுப்பிலும் வேறு வேறு பிள்ளைகள். எல்லாரும் மாஸ்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், முடிந்ததும் அம்மா வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். இதில் பழக நேரம் எங்கே? மூன்றை நிறுத்துங்கள். மீதி இரண்டுக்கு அரை மணி முன்னதாகப் போய், அரை மணி தாமதமாகக் கிளம்புங்கள். செருப்பு மாட்டும்போதும் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி விளையாடும்போதும்தான் பேச்சு தொடங்கும். ஒட்டிக்கொண்ட ஒரு பிள்ளையை மாதம் இரண்டு முறையாவது வீட்டுக்கு அழையுங்கள். முதல் தடவை இரண்டு மணி நேரம் போதும். தனக்கு உயிரான பொம்மை எதையும் உங்கள் பிள்ளை முன்கூட்டியே உள்ளே எடுத்து வைத்துவிடட்டும். பாதிச் சண்டை குறையும்.

தெருவில் ஏற்கனவே நடக்கிற ஆட்டத்துக்குள் நுழைவது தனித் திறமை. "என்னையும் சேர்த்துக்கோங்க" என்று நடுவில் போய் நின்றால் "டீம் ஃபுல்லு" என்ற பதில்தான் வரும். கொஞ்ச நேரம் ஓரமாக நின்று யார் எந்தப் பக்கம் என்று பார்க்கட்டும். பந்து தன் பக்கம் வந்தால் எடுத்துப் போடட்டும். ஓவர் முடிந்ததும் "லெக் சைடுல ஆளே இல்ல, நான் நிக்கட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வார்கள். வந்த அன்றே பேட்டிங் கேட்கக் கூடாது. இதை வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள்.

அடுத்து "எந்த ஸ்கூல், எத்தனாவது?" என்று கேட்பார்கள். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் வகுப்பை வைத்துத்தான் அளப்பார்கள். "வீட்லயே படிக்கிறேன். ஸ்கூல்னா ஆறாவது." இவ்வளவு போதும். கல்விமுறை பற்றிய உங்கள் சொற்பொழிவைப் பிள்ளை ஒப்பிக்க வேண்டாம்.

வீட்டுக்கல்விப் பிள்ளைகள் பலர் பெரியவர்களிடம் நன்றாகவே பேசுவார்கள். பார்க்கிறவர்கள் அசந்து போவார்கள், பெற்றோரும் நிம்மதியாகிவிடுவார்கள். தடுமாறினால் அது சமவயதுப் பிள்ளைகளிடம்தான். வீட்டில் தகராறு என்றால் தீர்த்துவைக்க ஒரு பெரியவர் எப்போதும் இருப்பதால், அவுட்டா இல்லையா என்ற சண்டை வந்ததும் பிள்ளை உங்களைத் திரும்பிப் பார்க்கும். கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் உட்காருங்கள், கேட்கும் தூரத்தில் வேண்டாம். அடிதடி, ஒரே பிள்ளையைக் குறிவைத்துச் சீண்டுவது, இரண்டும் இல்லையென்றால் ஐந்து நிமிடம் விட்டுப் பிடியுங்கள். "போடா, ரீபால்" என்று அவர்களே முடித்துக்கொள்வார்கள்.

வீட்டுக்கல்விக் குடும்பங்கள் மட்டும் கூடும் குழுவையே நம்பியிருக்காதீர்கள். இரண்டு குடும்பம் என்றால் ஒன்று ஊர் மாறியதும் முடிந்தது. நான்கு முதல் ஆறு வரை இருந்தால் தாங்கும். நாளும் இடமும் மாறவே கூடாது. "இந்த வாரம் யாருக்கு வசதி?" என்று வாட்ஸ்அப்பில் கேட்கத் தொடங்கினால் குழு கரைகிறது என்று அர்த்தம். பாடத்திட்டம் வேண்டும், வேண்டாம் என்று பெற்றோர் மோதிக்கொண்டு பிரிவதும் உண்டு. அந்தப் பேச்சைப் பிள்ளைகள் கூடும் நாளில் எடுக்காதீர்கள்.

பள்ளி நண்பர்கள் காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டுத் தேர்வுகளை ஒட்டி திடீரென்று காணாமல் போவார்கள். "என்னை யாருக்கும் பிடிக்கலையா?" என்று பிள்ளை கேட்பதற்கு முன்பே, பரீட்சை எப்போது முடிகிறது என்று விசாரித்து, கடைசிப் பரீட்சை நாளன்று மாலைக்கே அழைத்துவிடுங்கள். 14, 15 வயதில் இது இன்னும் கடினம். தெரு நண்பர்களை பத்தாம் வகுப்பு டியூஷன் விழுங்கிவிடும். அந்த வயதில் ஆட்டத்தைவிடச் சேர்ந்து செய்யும் வேலையே பிடிமானம்: தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இல்லம் என்ற சிறுவர் அறிவியல் மன்றம், ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு, உள்ளூர் நாடகக் குழு, கபடி அணி போன்றவை.

எத்தனை நண்பர்கள் என்று எண்ணாதீர்கள். கூச்ச சுபாவப் பிள்ளைக்கு ஒருவர் போதும். ஒரு வாரம் போகாவிட்டால் "ஏன் வரல?" என்று கேட்க ஒரு பிள்ளையாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே குழுவில் ஆறு மாதம் தொடர்ந்து போயும் அப்படி யாரும் இல்லை என்றால் இடத்தை மாற்றிப் பாருங்கள். எங்கே போனாலும் ஒதுங்குகிறது, எதிராளி பேசுவதற்குப் பதில் சொல்லிப் பேச்சைத் தொடர முடியவில்லை என்றால் வளர்ச்சிசார் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், "பள்ளிக்கு அனுப்பினால் சரியாகிவிடும்" என்று உறவினர்கள் சொல்வதற்காகத் தள்ளிப்போடாமல்.